லீவருக்குக் கட்டிய ஒட்டுப்பால்

எங்கள் தோட்டத்து ரப்பர் பெக்டரிக்குப் பின்னால் ஒரு லேத் பட்டறை இருக்கிறது. பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தகரக் கூரை, ஒரு சாணைக்கல், ஒரு மரப்பலகை, நடுவில் அந்த லேத். எங்கள் எல்லாரையும்விட அதற்கு வயது கூட. வெள்ளைக்காரத் துரை காலத்தில் வந்தது என்பார்கள். அவன் போகும்போது இதையும் தூக்கிக்கொண்டு போய்த் தொலைந்திருந்தால் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும்.

ரப்பர் பாலை நசுக்குகிற ரோலர்களுக்கு இரும்புத் தண்டு உண்டு. அது தேய்ந்தால் புதுத் தண்டு கடைய வேண்டும். லேத்தில் தண்டு சுழலும், கத்தியைப் பிடித்திருக்கும் வண்டி அதன் நெடுகிலும் நகர்ந்து சீவிக்கொண்டே போகும். வண்டியைக் கையால் சக்கரம் சுற்றியும் நகர்த்தலாம். ஒரு லீவரைத் தூக்கிவிட்டால் தானாகவும் நகரும். அதற்கு ஓட்டோ என்று பெயர். நீளத் தண்டுக்கு ஓட்டோதான் போட வேண்டும். கையால் சுற்றினால் வரிவரியாக விழும். ஆனால் எங்கள் லேத்தில் ஓட்டோ லீவர் நிற்காது. தூக்கிவிட்டால் கொஞ்ச தூரம் போய் டக்கென்று விழும், வண்டி நின்றுவிடும், தண்டில் அந்த இடத்தில் ஒரு தழும்பு. உள்ளே பல் தேய்ந்துபோனது. "கொழும்பில சொல்லி எடுப்போம், எடுப்போம்" என்று சொல்லிச் சொல்லியே பெக்டரியை நடத்துகிற சிங்கள மாத்தயாவுக்குத் தலை நரைத்துவிட்டது.

லேத்துக்காரர் முத்துவீரன். லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளில் எனக்கு அடுத்த அறை, காம்பரா. நான் திரீவீலர் ஓட்டுகிறவன். எங்கள் லயத்துச் சுவர் எப்படியென்றால், அந்தப் பக்கம் தாளிக்கிற கடுகு இந்தப் பக்கம் வெடிக்கிற மாதிரி இருக்கும். அந்த வீட்டுச் சங்கதி எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்க வேண்டாம்.

முத்துவீரன் கண்டுபிடித்த வைத்தியம் இது. பால் வெட்டுகிற மரத்தில், முந்தின வெட்டின் வாயில் வழிந்து காய்ந்த பால் நாடா மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டுப்பால். அதை உரித்துவிட்டுத்தான் புதிதாக வெட்ட வேண்டும். அவருடைய மகள் விஜயகலா தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கில் பால் வெட்டுகிறவள். அவள் நாலைந்து நாடாவை மடியில் செருகிக்கொண்டு வருவாள். வாசல் திண்ணையில், எங்கள் பேச்சில் இஸ்தோப்பில், உட்கார்ந்து ஒரு முனையைத் தகப்பன் பிடிக்க, மறுமுனையை அவள் தொடையில் வைத்து உருட்டி உருட்டித் திரிப்பாள். நாற்றம் குடலைப் பிடுங்கும். அந்தத் திரியைக் கொண்டுபோய் ஓட்டோ லீவரை மேலே இழுத்து ஒரு போல்ட்டோடு கட்டிவிடுவார் முத்துவீரன். பிறகு லீவர் எங்கே விழுகிறது? தண்டு கண்ணாடி மாதிரி வரும்.

கம்பி போட்டுக் கட்டியிருக்கலாமே என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"கம்பியா? நல்லா கேட்ட தம்பி. அவசரத்துக்குக் கழட்டவா முடியும்? இதுன்னா கையால ஒரு அமுக்கு அமுக்குனா லீவர் எறங்கிரும். கைய எடுத்தா தானா மேல போயிரும். வேலைக்காரன் மாதிரி, சொன்னதக் கேக்கும்."

பெக்டரி மாத்தயாவுக்கு இது தெரியாதா? தெரியும். திரி பழசாகி வெடித்தால் அவரே லயத்துப் பக்கம் வந்து, "முத்துவீரன், புதுசு ஒண்டு ஹதமு" என்று சொல்லிவிட்டுப் போவார். ஹதமு என்றால் செய்வோம். ஒட்டுப்பாலை வீட்டுக்குக் கொண்டுபோவது தோட்டச் சட்டத்தில் களவு. அதுவும் அவருக்குத் தெரியும். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துதான் அந்த லேத் ஓடியது.

விஜயகலா கட்டிக்கொண்டது அஜந்தனை. இரத்தினபுரிப் பக்கம், மாணிக்கக் குழிகளுக்குத் தண்ணீர் இறைக்கிற மெஷின்கள் பழுது பார்க்கிற பட்டறையில் லேத்தில் நின்றவன். அவள் தங்கச்சி முறைக்காரி கலியாணத்துக்குப் போன இடத்தில் பழக்கம். முத்துவீரனுக்கு இவள் ஒரே மகள், தாயும் இல்லை. அதனால் அவனை வீட்டோடு மாப்பிள்ளையாகக் கொண்டுவந்து, மாத்தயாவிடம் சொல்லிப் பட்டறையிலேயே பேர் பதிந்து வேலை வாங்கிக் கொடுத்தார். வீட்டோட மாப்பிள்ளை என்றால் எங்கள் பக்கம் ஒரு இளக்காரம் உண்டு. அவன் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. ஆனால் அந்தத் திரியை மட்டும் அவனால் பொறுக்க முடியவில்லை.

வைகாசி மழை பிடித்துக்கொண்ட நேரம். மழையென்றால் பால் வெட்டு இல்லை. விஜயகலா வீட்டில் இருந்தாள். ரொட்டியும் கட்டசம்பலும் ஆளுக்கொரு தட்டில். சுவருக்கு இந்தப் பக்கம் நான்.

"மாமா, நான் அதக் கழட்டி வச்சிட்டேன். இனிமே கட்டாதீங்க."

"கழட்டிட்டு? ஒங்கப்பன் வந்து லீவரப் புடிச்சிக்கிட்டு நிப்பானா?"

"நான் நிக்கிறேன். ஒரு கையால லீவரப் புடிச்சிக்கிறேன். நேரம் ஆனா ஆகட்டுமே."

"மூணு தண்டு கெடக்குது மாப்ள. மாத்தயா காலையிலயும் அந்தியிலயும் வந்து வந்து பாக்குறாரு. நீ லீவரப் புடிச்சிக்கிட்டு தவம் பண்ணு, ரோலர் தன்னால ஓடும்."

"ஓட்டோங்கிறது வேணும்னா ஓடணும், வேணாம்னா நிக்கணும் மாமா. இது நிப்பாட்டுனாலும் நிக்காதது. எங்க மொதலாளி மக்கீன் நானா பாத்தாருன்னா செருப்பால அடிப்பாரு."

"அப்ப மக்கீன் நானாகிட்டயே போயேன். யாரு வேணாங்கிறா?"

தட்டு ஒன்று நகர்ந்த சத்தம். விஜயகலா இடையில் வந்தாள். "என்னங்க, சாப்புடயில என்னா பேச்சு இது. ப்பா, நீங்களும் சும்மா இருங்க. இன்னொரு ரொட்டி போடட்டா?"

"போடு. ரொட்டியோட ஒண்ணு திரிச்சும் வையி ஆயி. பழசு நைஞ்சி போச்சி." மகளை அவர் ஆயி என்றுதான் கூப்பிடுவார்.

முன்பே எடுத்துவைத்திருந்த நாடாக்களை அவள் அன்றைக்கே திரித்தாள். நான் பார்த்தேன். அஜந்தன் இஸ்தோப்பில் குந்தி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள், "சும்மாதான இருக்கீங்க, அந்த முனையப் புடிங்களேன்" என்றாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். முத்துவீரன் வந்து பிடித்தார்.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ, மழை கொஞ்சம் வெளுத்திருந்தது. நான் பாலத்தடியில் திரீவீலரை நிறுத்திக்கொண்டு நின்றேன். பெக்டரிக் காவல்காரன் ஓடிவந்தான். "ஏறு, ஏறு" என்றான், வேறொன்றும் அவன் வாயில் வரவில்லை.

நடந்தது இதுதான். பட்டறையில் முத்துவீரன் தண்டை ஏற்றி, ஓட்டோ போட்டு, திரியைக் கட்டிவிட்டு, "பாத்துக்க மாப்ள, வெத்தல போட்டுட்டு வாறேன்" என்று வெளியே போயிருக்கிறார். அது அவருடைய வழக்கம். கத்தி அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு வர ஒரு வெற்றிலை மென்று துப்பச் சரியாக இருக்கும். இரும்பு சீவும்போது சுருள் சுருளாக வரும். அந்தச் சுருள் தண்டில் சுற்றிக்கொண்டது. அதை எடுக்காவிட்டால் கத்தி முறியும். அஜந்தன் லீவரை அமுக்கினான். வண்டி நின்றது. நின்றுவிட்டது என்று அவன் லீவரை விட்டுவிட்டு, கொக்கியால் சுருளை இழுக்கக் கையை உள்ளே கொடுத்தான். திரி சொன்னதைக் கேட்டது. கையை எடுத்ததும் லீவரை மேலே தூக்கிவிட்டது. கத்தி வண்டி நகர்ந்து வந்து அவன் கையைத் தண்டோடு வைத்து நசுக்கிக்கொண்டு, தண்டைக் கவ்விப் பிடித்துச் சுழல்கிற தாடைகளை நோக்கிப் போனது. மோட்டார் சுவிட்ச் அந்தப் பக்கச் சுவரில். எட்டுமா? அலறல் கேட்டு முத்துவீரன் ஓடிவந்துதான் அமர்த்தினார்.

கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டினேன். பின்னால் முத்துவீரன் தன் சாரத்தைக் கிழித்து அந்தக் கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் ஒரே புலம்பல்.

"தொடைய வச்சு அமுக்கிக்கணும் மாப்ள... உள்ள கைய விடுறப்ப லீவர் மேல தொடைய வச்சு அமுக்கிக்கணும். நான் அப்பிடித்தான செய்வேன். சொல்லலியா நான் ஒனக்கு? ஐயோ, சொல்லலியா?"

சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. இத்தனை வருஷமாக அப்படித் தொடையை வைத்து அமுக்குகிறோம் என்பதே அந்த மனிதருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. அஜந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு என் முதுகில் தலையை முட்டுக் கொடுத்திருந்தான்.

வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. மற்றதைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

விசாரணை வைப்பார்கள் என்று தெரிந்ததும் பெக்டரி மாத்தயாவுக்குத் தமிழ் நன்றாக வர ஆரம்பித்துவிட்டது. பால் நிறுக்கிற இடத்தில் விஜயகலாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"துவ, அந்த லீவருல கட்டினது ஒட்டுப்பால் தானே. அது எங்கேருந்து வந்தது எண்டு சின்னத்துரை கேப்பாரு. ஒட்டுப்பால் கெதரட்ட கொண்டு போறது ஹொரகம். பேரு வெட்டுவாங்க. அப்பாட பேரும் வெட்டுவாங்க. காம்பராவும் போகும். அஜந்தன் இளந்தாரிதானே, எங்கயும் பொழைப்பான். யோசிச்சுப் பேசுங்க."

ஹொரகம் என்றால் களவு. கெதரட்ட என்றால் வீட்டுக்கு. பேர் வெட்டினால் வேலை போச்சு. துவ என்றால் மகள். களவுப் பட்டம் கட்டும்போதும் மகளே என்று கூப்பிடுகிற பாசம் இருக்கிறதே, அதற்கு ஒரு கும்பிடு.

அன்று அவளைக் கரவனெல்லைக்கு ஏற்றிக்கொண்டு போனேன். சோறும் பலாக்கொட்டைக் கறியும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கட்டிலோரம் நின்று, சோற்றைப் பிசைந்து உருட்டி உருட்டி அவன் வாயில் கொடுத்தாள். கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு அவன் வாங்கிக்கொண்டான். அவ்வளவு பேர் நடுவில் பெண்சாதி ஊட்ட ஆண்பிள்ளை சாப்பிடுவதற்கு அவன் கூச்சப்படவில்லை. மாத்தயா சொன்னதை அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"நீ என்னா நெனைக்கிற?" என்று கேட்டான்.

"நீங்கதான் கட்டுனீங்கன்னு அப்பா சொல்லப் போறாராம். நேத்து எங்கிட்ட அழுவுறாரு. 'எனக்கு இனிமே எங்க ஆயி வேல? ஓஞ்சு போற வயசுல கள்ளன்னு பேரெடுத்துக்கிட்டு எங்க போறது'ங்கிறாரு."

"அவரு அழட்டும். நீ?"

அவள் சோற்று உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"கலா, இங்க பாரு. எனக்கு அவுங்க ஒண்ணும் தர வேணாம். வேலயும் வேணாம். கை போனது போனதுதான். ஆனா நானே கட்டிட்டு நானே கைய விட்டேன்னு ஊரு சொல்லக் கூடாது. எந்தப் பட்டறையில என்னைய லேத்துகிட்ட சேப்பான் அப்புறம்? 'தான் கட்டுனதுல தானே மாட்டுனவன்'னு சிரிக்க மாட்டானா? நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. எம் புருசன் கட்டலன்னு சொல்லு. அது போதும். யாரு கட்டுனதுன்னு சொல்ல வேணாம்."

"பேரு வெட்டிட்டாங்கன்னா?"

"வெட்டட்டும். இரத்னபுரிக்குப் போவோம். ஒங்கப்பாவயும் கூட்டிக்கிட்டுப் போவோம். நான் விட்டுட்டா போகப் போறேன் அந்தாள?"

அவள் தலையாட்டினாள். "சொல்றேங்க" என்றாள். உருண்டையை வாயில் வைத்தாள். நான் அங்கேதான் நின்றேன், என் இரண்டு காதாலும் கேட்டேன்.

விசாரணை பெக்டரி ஆபீஸில். அஜந்தனை நான் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வாசலிலேயே நின்றேன். கதவு திறந்துதான் கிடந்தது. தோட்டத்து உதவி மனேஜரான சின்னத்துரை புதிசு, நேற்று முளைத்த மீசை. மேசைமேல் அந்தத் திரி கிடந்தது. காய்ந்த ரத்தம் அதில் கறுப்பாக இருந்தது. நாற்றத்துக்கு அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, சிங்களத்தில் கேட்டார். எங்கள் ஆட்களுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. மாத்தயா சும்மா இடையில் நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

முத்துவீரன் கைகட்டி நின்றார். "நான் ஒரு நாளும் கட்டுனதில்லைங்க அய்யா. லீவரு விழுந்தா திரும்பத் தூக்கி விடுவேன். மாப்ள வேற எடத்துல வேல செஞ்சவரு. அவரு பழக்கம் எனக்குத் தெரியாதுங்க." இதைச் சொல்லும்போது மனிதர் மேசைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கட்டல" என்றான் அஜந்தன்.

"அப்படியானால் யார்?"

அவன் மாமனாரைப் பார்க்கவில்லை. பெண்சாதியைப் பார்த்தான்.

சின்னத்துரையும் அவள் பக்கம் திரும்பினார். "நீ பால் வெட்டுகிறவள்தானே? இந்த ஒட்டுப்பால் உன் வீட்டிலிருந்து போனதா? இதை யார் கட்டினார்கள் என்று தெரியுமா?"

மாத்தயா தொண்டையைச் செருமினார். முத்துவீரன் தலையைத் தூக்கி மகளைப் பார்த்தார். பாவி மனுஷன், அந்தப் பார்வை பார்த்திருக்க வேண்டாம்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள் விஜயகலா. "நான் காட்டுல பால் வெட்டுறவ. பட்டறைப் பக்கம் போறதில்லைங்க."

அஜந்தன் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்து திரீவீலரில் ஏறி உட்கார்ந்தான். பின்னாலேயே வந்த பெண்சாதியைப் பார்த்துத் தள்ளி உட்கார்ந்து இடமும் கொடுத்தான். கண்ணாடியில் நான் இரண்டு பேரையும் பார்க்காமலே ஓட்டினேன். அவன் பேரை வெட்டிவிட்டார்கள். காரணம் கவனக்குறைவு. யாருடைய கவனம் என்று கேட்க நான் யார்?

அதற்குப் பிறகு சுவரின் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. முதல் நாள் அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். "வாயத் தொறங்க" என்பது கேட்டது. சற்று நேரத்தில் அஜந்தன் என் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, ஒங்க வீட்டுல கரண்டி ஒண்ணு இருந்தா குடுங்க."

கொடுத்தேன். இடது கையால் கரண்டியைப் பிடித்து, சிந்திச் சிந்தித் தானே சாப்பிட்டான். ஊட்ட வந்த கையை அப்புறம் ஒரு நாளும் அவன் அண்டவிடவில்லை. அவள் கருவாடு பொரித்தாலும் தொடவில்லை, கிழங்கு அவித்தாலும் தொடவில்லை. கீரையோ சம்பலோ, கரண்டியில் ஏறுவதை மட்டும் தின்றான். நான் அவளைத் திட்டவும் முடியாமல், சும்மா இருக்கவும் முடியாமல் தவித்தேன். இவளைச் சொல்லி என்ன? புருஷன் பக்கம் பேசினால் தகப்பன் தெருவில். தகப்பன் பக்கம் பேசினால் இது. இரண்டு பக்கமும் வெட்டுகிற மாதிரிக் கத்தியைக் கையில் கொடுத்துவிட்டு, யோசிச்சுப் பேசுங்க என்று சொன்னவன் வீட்டில் நன்றாகத் தூங்குகிறான்.

அந்தத் தண்டு பாதியில் நின்றது. ரோலர் ஒன்று ஓடாமல் பால் கெட்டுப்போகிறது என்று பேச்சு. ஒரு காலை, தூறல். மாத்தயா குடையோடு லயத்துக்கு வந்தார். இஸ்தோப்பில் முத்துவீரன், உள்ளே விஜயகலா, வாசற்படியில் பையைக் கட்டிக்கொண்டு அஜந்தன். அவன் இரத்தினபுரிக்குப் போகிறான், பஸ்ஸுக்கு என்னை வரச் சொல்லியிருந்தான்.

"முத்துவீரன், அந்தப் பழைய திரிய சின்னத்துரை எடுத்துக்கிட்டாரு. அத மேசைக்குள்ள வச்சிருக்காரு." மாத்தயா குடையைச் சுற்றிச் சுற்றித் தண்ணீரை உதறினார். "தண்டு அப்பிடியே கெடக்குது. லீவர் நிக்குதில்ல. புதுசு ஒண்டு ஹதமு. இண்டைக்கே வேணும்."

நான் வாயைத் திறந்துவிட்டேன். "ஏன் மாத்தயா, அது ஹொரகம் இல்லையா?"

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

முத்துவீரன் வெகுநேரம் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே பார்த்து, "ஆயி... ஒண்ணு திரிச்சுக் குடு" என்றார்.

விஜயகலா வந்தாள். முந்தின நாள் கொண்டுவந்த நாடாக்கள் கூடையடியில் இருந்தன. இஸ்தோப்பில் உட்கார்ந்து பிரித்தாள். முனையை நீட்டினாள். தகப்பன் எழும்பவில்லை. அவள் நீட்டிய முனை அந்தரத்தில் நின்றது.

அஜந்தன் பையைக் கீழே வைத்தான். வந்து அவள் எதிரே குந்தி, அந்த முனையை வாங்கினான். முதலில் வலது கையால்தான் பிடித்தான். பழக்கம். இரண்டு விரல் இல்லாத இடத்தில் நாடா வழுக்கிக்கொண்டு போனது. இடது கைக்கு மாற்றிக்கொண்டான்.

அவள் தொடையில் வைத்து உருட்ட ஆரம்பித்தாள். கண்ணீர் சொட்டிச் சொட்டி ஒட்டுப்பால்மேல் விழுந்தது. அதில் தண்ணீர் ஒட்டாது. ஒரு முறுக்கு, இரண்டு முறுக்கு. எப்போதும்போல இழுத்து இறுக்கினாள்.

"கலா" என்றான். விசாரணைக்குப் பிறகு அவன் அவள் பேரைச் சொன்னது அப்போதுதான். அவள் தலையைத் தூக்கினாள்.

"எனக்குத் திரிச்சத விட கொஞ்சம் லூசாத் திரி. ஒங்கப்பாவுக்கு வயசாயிருச்சி, அமுக்கத் தெம்பு காணாது."

அவள் கை நின்றது. முத்துவீரன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். அஜந்தன் முனையை விடவில்லை. அவள் முடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தான். முடித்ததும் அதை மாமனாருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வந்து என் வண்டியில் ஏறினான். அவள் எழுந்து வாசல்வரை வந்தாள். என்னங்க என்றுகூடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அவன் திரும்பியிருப்பானோ என்னவோ.

டயரில் காற்று இறங்கியிருந்ததால் நான் பாலத்தடியில் நிறுத்திக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் முத்துவீரன் ஒற்றையடிப் பாதையில் பட்டறைக்குப் போய்விட்டார். லேத் ஓடுகிற சத்தம் பாலத்துக்குக் கேட்டது. முதலில் விட்டு விட்டு, கையால் சுற்றுகிற சத்தம். பிறகு ஒரே சீராக, இழுத்த மாதிரி.

அஜந்தன் காதைக் கொடுத்துக் கேட்டான்.

"கட்டிட்டாரு" என்றான். "போவோம்ணே."